பூசைப் பொருள்களின் பெயரில் தூசணம்: மொன்றியல் தாய் ஒருவருக்குப் பதில்

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம், மொன்றியலில் வசிக்கிறோம். பன்னிரண்டு வயது மகன் பிரெஞ்சுப் பாடசாலையில் இடைநிலை முதலாம் ஆண்டு படிக்கிறான். ஞாயிறுகளில் தமிழ்ப் பூசைக்குப் பீடப்பணியாளனாக நிற்கிறான். இந்தக் கல்வியாண்டு தொடங்கியதிலிருந்து விளையாட்டில் தோற்றாலும் கையிலிருந்து ஏதாவது விழுந்தாலும் 'தபர்நாக்', 'காலிஸ்' என்கிறான். உடற்பயிற்சி வகுப்பில் பந்தைத் தவறவிட்டபோதும் அப்படிச் சொன்னதாக ஆசிரியை அவனுடைய நாட்குறிப்பேட்டில் எழுதி அனுப்பியிருந்தார். வேலைத்தலத்தில் ஒருவரிடம் பொருள் கேட்டேன். கோயிலில் நற்கருணை வைக்கும் பேழையின் பெயர் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. அம்மம்மாவோ, "கோதாரி, இதென்ன பெரிய விசயம், ஏதோ பிரெஞ்சிலை சொல்லுறான்" என்கிறார். கோடை விடுமுறையில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் என் அக்கா வீட்டில், ஏதோ உடைந்ததற்கு 'எஃப்' எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொல்லைச் சர்வசாதாரணமாகச் சொல்லி எல்லோரையும் திகைக்க வைத்தான். கண்டித்தால், "அப்பா கார் ஓடேக்கை சொல்லுறது மட்டும் நல்ல சொல்லா?" என்று கேட்கிறான். அவர், யாரேனும் குறுக்கே வந்தால் ஒரு சாதிப் பெயரைச் சொல்லி ஏசுவார். அது ஊர்ப் பழக்கம். மகன் செய்வது தேவநிந்தனை இல்லையா? பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்ப வேண்டுமா? பீடப்பணியை நிறுத்திவிடட்டுமா?
ஒரு தாய், மொன்றியல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பல மொழிகளுக்கிடையே வளரும் பிள்ளைகளின் பெற்றோரோடு பணியாற்றும் உளவளத்துணையாளர் என்ற வகையில், உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு செய்திகளை நான் நீங்கள் எடைபோட்டதற்கு நேர்மாறாகவே எடைபோடுகிறேன். நீங்கள் நடுங்கிப்போன விடயம் அத்தனை நடுக்கத்துக்கு உரியதல்ல. "ஊர்ப் பழக்கம்" என்று கடந்து சென்ற விடயத்தில்தான் நான் நின்றுவிட்டேன். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்; மகனிடமிருந்தே தொடங்குவோம்.

நீங்கள் வாழும், கனடாவின் கியூபெக் மாகாணத்தின் பிரெஞ்சு மக்கள் கோபத்திலும் வலியிலும் வியப்பிலும் சொல்லும் தூசணச் சொற்களில் பெரும்பகுதி பூசைப் பீடத்திலிருந்து வந்தவை. தபர்நாக் என்பது நற்கருணைப் பேழை. காலிஸ் என்பது இரசக் கிண்ணம். சிபுவார் என்பது நற்கருணைப் பாத்திரம். ஓஸ்தி என்பது, நம்முடைய பழைய செபப் புத்தகங்களிலும் அதே ஒலியோடு வரும் ஓஸ்தி, அதாவது நற்கருணை அப்பம். இவற்றைத் தனித்தனியாகச் சொல்வதோடு, ஆத்திரத்தின் அளவுக்கேற்ப ஒன்றோடொன்று கோத்து நீளமாகவும் சொல்வார்கள். இரசக் கிண்ணத்தின் பெயரிலிருந்து, 'தூக்கி எறி' என்றும் 'எனக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை' என்றும் பொருள்தரும் வினைச்சொற்களைக்கூட ஆக்கிவைத்திருக்கிறார்கள். இவ்வகைச் சொல்லுக்கு அங்கே 'சாக்ர்' என்று பெயர். புனிதமானது என்ற சொல்லின் அடியிலிருந்தே அதுவும் பிறந்தது. பிரான்சிலிருந்து வரும் ஒருவருக்கு இவை தூசணமாகவே படுவதில்லை. கோயில் சாமான்களின் பட்டியலை ஒருவர் ஏன் இப்படிக் கத்திச் சொல்கிறார் என்றுதான் அவர் வியப்பார்.

இது ஏன் கியூபெக்கில் மட்டும் இவ்வளவு தழைத்தது என்பதற்கு அந்த மண்ணின் வரலாற்றிலே விடையுண்டு. 1960இல் தொடங்கிய 'அமைதிப் புரட்சி' என்னும் காலம் வரையில் அங்கே பாடசாலையும் வைத்தியசாலையும் ஏழைகளுக்கான உதவியும் கத்தோலிக்கத் திருச்சபையின் கையில் இருந்தன. 1875இல் கலைக்கப்பட்ட மாகாணக் கல்வி அமைச்சு மீண்டும் உருவானதே 1964இல்தான். பிறப்பு, திருமணம், சாவு ஆகிய எல்லாமே பங்குக் கோயிலின் பதிவேட்டில் ஏறிய அந்தச் சமூகத்தில், குருவானவரைத் தவிர வேறெவரும் தொடக்கூடாத பாத்திரத்தின் பெயரை வீதியில் உரக்கச் சொல்வதே ஒருவன் செய்யக்கூடிய ஆகப் பெரிய துடுக்குத்தனமாக இருந்தது. பின்னர் மக்கள் பூசைக்குப் போவதை வேகமாகக் கைவிட்டார்கள். சொற்கள் மட்டும் நாவில் தங்கிவிட்டன. இன்று அவற்றைச் சொல்லும் இளைஞர்களில் பலர் நற்கருணைப் பேழையைக் கண்ணால் கண்டிருக்கவே மாட்டார்கள். 2006இல் மொன்றியல் பேராயம், இந்தச் சொற்களைப் பெரிய எழுத்தில் போட்டு அவற்றின் உண்மையான பொருளைக் கீழே அச்சிட்ட விளம்பரப் பலகைகளை நகரில் வைத்தது என்பதிலிருந்தே, அந்தப் பொருள் எவ்வளவு தூரம் மறந்துபோயிருந்தது என்று நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

உங்கள் மகன் இந்தச் சொற்களைக் கோயிலில் கற்கவில்லை. 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனம் குடிவந்தோரின் பிள்ளைகளைப் பொதுவாகப் பிரெஞ்சுப் பாடசாலைக்கே அனுப்புகிறது. அங்கே மதிலோரத்திலும் உடைமாற்றும் அறையிலும் கூடப் படிக்கும் பிள்ளைகளின் வாயிலிருந்து கற்றுக்கொண்டான். பந்து கைநழுவியபோது அவன் வாயில் வந்த 'தபர்நாக்' வேறு. உங்கள் காதில் விழுந்தது வேறு. நீங்கள் அதைத் தமிழில் பெயர்த்து, முழந்தாளிட்டு வணங்கும் ஓர் இடத்தின் பெயராகக் கேட்கிறீர்கள். அவனோ தன் வயதுப் பையன்களின் கூட்டத்தில் தானும் ஒருவன் என்பதற்கான அடையாளமாகச் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை அதே பேழைக்கு முன்னால் மெழுகுதிரியோடு நிற்கும்போது இந்த இரண்டும் ஒன்று என்ற எண்ணம்கூட அவனுக்கு எழுந்திருக்காது என்றே நினைக்கிறேன், ஏனெனில் கோயிலில் அதற்கு அவன் அறிந்த பெயர் தமிழ்ப் பெயர்.

ஒரு சொல் எந்த மொழியில் சுடும் என்பது ஆய்வுக்கும் உட்பட்ட விடயந்தான். பொஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கத்தரின் ஹாரிஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு பிற்காலத்தில் ஆங்கிலம் கற்றவர்களின் விரல்களில் கருவி பொருத்தி, தூசணச் சொற்களையும், சிறுபிள்ளைகளை அதட்டும்போது சொல்லும் "வெட்கமாயில்லையா?" போன்ற தொடர்களையும் இரு மொழியிலும் கொடுத்து, தோலில் வியர்வையால் ஏற்படும் மின்மாற்றத்தை அளந்தார்கள். தாய்மொழியில் உடல் பதறிய அளவுக்கு ஆங்கிலத்தில் பதறவில்லை. குழந்தைப் பருவத்து அதட்டல்களில் இந்த வேறுபாடு குறிப்பாகத் தெரிந்தது. சின்ன வயதில் எந்தச் சொல்லுக்காக நாம் அடியும் ஏச்சும் வாங்கினோமோ அந்தச் சொல்லுக்கே நம் உடல் அஞ்சுகிறது. உங்கள் மகன் 'தபர்நாக்' என்ற சொல்லுக்காக வீட்டில் ஒருநாளும் ஏச்சு வாங்கி வளர்ந்தவனல்லன். மொன்றியலின் பிரெஞ்சு அம்மா ஒருவர் தன் பிள்ளையின் வாயில் அது வந்த முதல் நாளே போடும் அதட்டு, உங்கள் வீட்டில் விழ வாய்ப்பே இருந்ததில்லை. அதனால் சொல்லை முழுதாகக் கற்றுக்கொண்டவன், அதன் காரத்தைப் பாதிதான் கற்றிருக்கிறான். ஆசிரியையின் குறிப்பு அந்த மீதிப் பாதியைக் கற்பிக்கும் வேலையைத்தான் செய்கிறது. அதை அவமானமாகக் கொள்ளாதீர்கள். பக்தி வற்றிப்போனாலும் அந்த ஊரில் இது இன்னமும் கடும் சொல்தான். வகுப்பறையிலோ வேலைக்கான நேர்முகத்திலோ சொல்லத் தகாதது.

அம்மம்மாவின் 'கோதாரி'யை இங்கே சற்றுக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தில் வாந்திபேதிக்கு வழங்கிய பெயர் அது. ஊர் ஊராகப் பிணம் விழுந்த காலத்தில் ஒருவரைப் பார்த்து "கோதாரியிலை போவான்" என்று சொல்வது சாவையே வாய்விட்டு அழைக்கும் சாபம்; இன்று அம்மம்மா தேநீர் ஆறிப்போனதற்கும் அதைச் சொல்கிறார், ஒருவருக்கும் உறைப்பதில்லை. தமிழ்நாட்டில் "பேதியில போவான்" என்பதும் இதே வகை. இதே பழக்கம் நெதர்லாந்திலும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. டச்சுக்காரர்கள் கொலராவையும் காசநோயையும் டைபஸ் காய்ச்சலையும் சொல்லியே திட்டுவார்கள்; "உனக்குக் கொலரா வர" என்பது அங்கே வழக்கமான ஏச்சு. (ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்டதற்கும் இதற்கும் தொடர்பிருப்பதாக நான் சொல்ல வரவில்லை, அச்சம் ஒன்றாக இருந்தால் ஏச்சும் ஒன்றாகிறது, அவ்வளவே.) ஆனால் புற்றுநோயின் பெயரைத் தூசணமாகச் சொல்வதை மட்டும் அங்கே இன்றும் பலர் பொறுப்பதில்லை; கொலரா போய்விட்டது, புற்றுநோய் ஏதோ ஒரு வீட்டின் கட்டிலில் இன்னமும் கிடக்கிறது. கேட்பவரின் வாழ்வில் அந்தச் சொல் இன்னும் உயிரோடிருக்கிறதா என்பதைப் பொறுத்தே அது புண்படுத்துகிறது. உங்கள் வீட்டில் நற்கருணைப் பேழை உயிரோடிருக்கிறது; மகனின் வகுப்பில் அது கோதாரியைப் போல ஆகிவிட்டது.

ஸ்காபரோவில் நடந்ததும் இதே கணக்குத்தான். அந்த ஆங்கிலச் சொல் கியூபெக்கின் பிரெஞ்சுப் பேச்சுக்குள் புகுந்தபோது தன் காரத்தில் பெரும்பகுதியை எல்லையிலேயே விட்டுவிட்டது; அதன் பிரெஞ்சு உருவத்துக்கு 'பழுதாகிவிட்டது', 'குழம்பிக் கிடக்கிறது' என்பதைப் போன்ற பொருளே அங்கே உண்டு. கனடாவின் ஒலிபரப்புத் தரங்களைக் கண்காணிக்கும் மன்றம்கூட 2017இல், பிரெஞ்சு நிகழ்ச்சியில் வந்த அந்தச் சொல்லை ஆங்கில நிகழ்ச்சியில் வருவதற்கு ஈடாகக் கருத முடியாது என்ற முடிவுக்கு வந்தது. மொன்றியலில் தன் நண்பர்களிடம் சொல்வதைப் போல உங்கள் மகன் ஸ்காபரோவில் சொன்னான். அங்கேயோ ஆங்கிலத்தில் வளர்ந்த பெரியம்மாவின் பிள்ளைகள் அதை ஆங்கிலச் சொல்லாகவே கேட்டார்கள். தமிழுக்குள்ளேயே இதற்கு உதாரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் 'தலைமயிர்' வெட்டப் போவதாக ஒருவர் கூச்சமின்றிச் சொல்லலாம். சென்னையில் 'முடி' என்றுதான் சொல்லவேண்டும். கேரளத்தில் தனியே 'மயிர்' என்று சொன்னால் கைகலப்பு வரும். மானத்துக்கு உவமையாகத் திருக்குறளில் நின்ற சொல்லுக்கு இந்தக் கதி.

இனி, அவன் கேட்ட கேள்வி. அதைத் துடுக்குப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே மிகக் கூர்மையான கேள்வி அதுதான். மகன் சொல்லும் சொல் எவரையும் நோக்கிப் போவதில்லை. பந்தையும் விளையாட்டையும் தன்னையுமே நோக்கிப் போகிறது. தகப்பன் சொல்வதோ ஒரு மனிதரை இழிவுபடுத்த இன்னொரு மனிதக் கூட்டத்தின் பெயரை எடுத்து வீசுவது. குறுக்கே வந்த சாரதி கிரேக்கராகவோ ஹெயிட்டிக்காரராகவோ இருக்கலாம். அவருக்கு அந்தப் பெயர் விளங்கப்போவதே இல்லை. அந்தக் காரில் அது விளங்குகிற ஆள் பின் ஆசனத்தில் இருக்கும் உங்கள் மகன் மட்டுமே. அந்தப் பெயரில் பிறந்தவர்கள் இழிந்தவர்கள், அந்தப் பெயரால் அழைக்கப்படுவதே ஒருவருக்கு அவமானம் என்ற பாடத்தை, அதற்கென்று ஒரு பாடசாலையும் இல்லாத நாட்டில், அவன் வேறெங்கும் கற்க முடியாது. நாளை அவனுடைய தமிழ் வகுப்பில் அருகில் அமரும் பிள்ளை அந்தச் சமூகத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். தூசணங்களில் பல காலப்போக்கில் தேய்ந்துவிடும் என்று மேலே சொன்னேன். சாதிப் பெயரால் ஏசுவது அப்படித் தேய்வதில்லை, ஏனெனில் அது சுட்டும் மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பட்டியல் சாதிகளையும் பழங்குடிகளையும் சேர்ந்த ஒருவரைப் பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லி வைவதை இந்தியாவின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே தனிக் குற்றமாகவே வரையறுத்திருக்கிறது. சட்டம் மொன்றியல் வீதிக்கு எட்டாது என்பது உண்மை. ஆனால் இதை 'பழக்கம்' என்ற சொல்லுக்குள் மடித்து வைக்க உங்களுக்கும் மனம் ஒப்பாது என்று நம்புகிறேன்.

ஆகவே முதலில் பேசவேண்டியது கணவரோடு. பிள்ளை இல்லாத நேரத்தில், குற்றஞ்சாட்டும் குரலின்றிப் பேசுங்கள். ஆத்திரம் வந்தால் எதுவும் சொல்லக்கூடாது என்று அவரிடம் கேட்பது பலிக்காது. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பனிக்கட்டி நீரில் கையை வைத்திருந்தவர்கள் தூசணம் சொல்லிக்கொண்டிருந்தபோது, சாதாரணச் சொல்லைச் சொன்னபோதைவிட நீண்டநேரம் வலியைத் தாங்கினார்கள். 2020இல் அதே ஆய்வாளர் புதிதாகப் புனையப்பட்ட பொய்த் தூசணங்களைக் கொடுத்துப் பார்த்தபோது அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. அடக்கிவைத்த சொல்லுக்குத்தான் அந்த வலிமை உண்டு போலும். எனவே கணவருக்கு ஆத்திரம் தீர ஒரு சொல் தேவையென்றால் அம்மம்மாவின் 'கோதாரி'யையே இரவல் வாங்கிக்கொள்ளட்டும். அதனால் எவருடைய பிறப்பும் பழிக்கப்படாது. அவர் அந்தச் சாதிப் பெயரை இனிச் சொல்லப்போவதில்லை என்று மகன் முன்னிலையில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால், மகனிடம் நீங்கள் பேசுவதற்கான வழி தானாகவே திறக்கும். அதற்கு முன் பேசினால் அவன் அதே கேள்வியைக் கேட்பான். உங்களிடம் பதில் இருக்காது.

மகனிடம் பேசும்போது பாவம், நரகம் என்று தொடங்காதீர்கள். அவன் செய்தது தேவநிந்தனையா என்பதைச் சொல்ல நான் இறையியல் கற்றவளல்ல. ஆனால் தான் நினையாத ஒன்றுக்காக அவனைப் பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துச் சென்றால், அந்தச் சொல்லுக்கு இதுவரை இல்லாத ஒரு கவர்ச்சியை நீங்களே ஏற்றிவிடுவீர்கள். ஒரு மாலை, அந்தப் பொருள்களின் பிரெஞ்சுப் பெயர்களையும் தமிழ்ப் பெயர்களையும் அவனைக் கொண்டே ஒரு தாளில் எதிரெதிராக எழுதச் செய்யுங்கள். அவன் ஞாயிறுதோறும் கையில் ஏந்துகிறவை அவை. எழுதி முடிக்கும்போது பெரும்பாலும் உங்கள் விளக்கத்துக்குத் தேவை இருக்காது. அதன்பின், "உன் நண்பர்களுக்கு இது வெறும் சொல்லாக இருக்கலாம், எனக்கு அப்படி இல்லை, என் காதுக்காக வீட்டில் இதை விட்டுவிடு" என்று கேளுங்கள். பிள்ளைகள் கட்டளையை விட இப்படிப்பட்ட வேண்டுகோளுக்கு அதிகம் இணங்குவதை என் அறையில் பலமுறை கண்டிருக்கிறேன். கியூபெக்கின் பாட்டிமார் 'தபர்நாக்' என்று சொல்லவந்து நடுவில் திருப்பி 'தபர்நூஷ்' என்றும், 'காலிஸ்' என்பதைக் 'காலின்' என்றும் மழுக்கிச் சொல்வதுண்டு. வீட்டில் அவனுக்கு அது உதவலாம். நண்பர்கள் நடுவில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் 'தபர்நூஷ்' என்று சொல்வான் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் விதி ஒன்றே ஒன்று வேண்டுமானால், எந்தச் சொல் என்பதைக் காட்டிலும் எவரை நோக்கி என்பதன்மேல் அதை அமையுங்கள். பந்தை நோக்கிச் சொன்னதற்கு ஒரு முறைப்பு போதும். ஒரு ஆளை நோக்கி, அவரது பிறப்பையோ நிறத்தையோ நோயையோ உடலையோ இழுத்துச் சொன்னால், அது எந்த மொழியாக இருந்தாலும், எவ்வளவு மென்மையான சொல்லாக இருந்தாலும், மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும். இந்த விதி பெரியவர்களுக்கும் உண்டு என்பதை அவன் கண்ணால் காணவேண்டும்.

பீடப்பணியை நிறுத்தவேண்டாம். அந்தப் பொருள்கள் வெறும் ஒலியாகிவிடாமல் அவன் கையில் பொருளாக இருக்கும் ஒரே இடம் அதுதான். தண்டனையாக அதைப் பறிப்பது நீங்கள் விரும்புவதற்கு நேர் எதிரானதைச் செய்யும். ஆசிரியையின் குறிப்புக்குக் கீழே, மகனோடு பேசினோம் என்றும், வகுப்பில் அவன் இதை எந்தப் பிள்ளையையாவது நோக்கிச் சொன்னதுண்டா என்று அறிய விரும்புகிறோம் என்றும் இரண்டு வரி எழுதி, கையொப்பமிட்டு அனுப்புங்கள். இல்லை என்று பதில் வந்தால் இதை மேலும் இழுக்காதீர்கள். ஆம் என்று வந்தால் மீண்டும் எனக்கு எழுதுங்கள்.